பாடலம் என்றால் ரோஜாவா?

வாசகர் கேள்வி – பதில்

வடமொழி மரப்பெயர்களைப் பற்றிக் கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து அடுத்தடுத்துக் கடிதங்கள் வந்ததால், இந்த இதழ்ப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் மகளின் சமஸ்கிருதப் பாடத்தில் ‘பாடலம்’ என்ற சொல்லுக்கு நேராக ரோஜாப்பூ படம் போட்டிருக்கிறது. எங்கள் ஊர்ச் சாமி பெயர் பாடலீஸ்வரர், தலமரம் பாதிரி. அப்படியானால் பாதிரிக்கும் ரோஜாவுக்கும் என்ன உறவு? – வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: உறவு நிறத்தோடு சரி. மரம் வேறு, செடி வேறு, குடும்பமும் வேறு.

‘பாடல’ என்பது வடமொழியில் முதலில் ஒரு நிறம். வெண்மை கலந்த சிவப்பு. அந்த நிறச் சாயல் கொண்ட பூவைத் தரும் மரம் பாடலா அல்லது பாடலி. அமரகோசம் என்ற பழைய வடமொழி அகராதியைப் புரட்டினால், மழைக்காலத்தில் சீக்கிரம் விளைந்துவிடும் நெல்லுக்கும் பாடலம் என்று ஒரு பெயர் இருக்கிறது. ஆக ஒரே சொல் நிறம், மரம், நெல் என்று மூன்று இடத்தில் நிற்கிறது. இன்று பேச்சுப் பயிற்சிக்காக எழுதப்படும் சமஸ்கிருதப் பாடங்களில் ரோஜாவுக்கும் அந்தப் பெயரையே கொடுத்திருக்கிறார்கள். இந்தியின் இலக்கிய நடையிலும் ‘பாடல்’ என்றால் ரோஜா உண்டு. மகளின் புத்தகத்தில் பிழை இல்லை. ஆனால் அந்தப் பொருளை எடுத்துக்கொண்டு பழைய நூலுக்குள் போனால் பிழை வரும்.

பழைய நூலில் எந்தப் பொருள் என்று தெரிந்துகொள்ளப் பருவத்தைப் பாருங்கள். காளிதாசரின் சாகுந்தல நாடகத் தொடக்கத்தில் கோடை நாளைப் பாடும்போது, பாடலப் பூவோடு உறவாடி மணம் பெற்ற காட்டுக்காற்று வருகிறது. சங்கப் பாட்டிலும் இந்தப் பூ கோடைக்குரியதுதான். ‘வேனிற் பாதிரி’ என்கிறது அகநானூறு. பெரும்பாணாற்றுப்படையின் தொடக்கத்தில், வெயில் கடுத்த வேனிலில் ‘பாசிலை ஒழித்த பராரைப் பாதிரி’ நிற்கிறது. பச்சை இலையை உதிர்த்துவிட்ட, பருத்த அடிமரமுள்ள பாதிரி. அதன் பூவை வயிற்றிடத்தில் பிளந்தால் உள்ளே தெரியும் நிறத்தை யாழின் தோல் நிறத்துக்கு ஒப்பிடுகிறார் புலவர். பூவைக் கையில் பிளந்து பார்த்தவர்தான் இப்படி எழுத முடியும். நற்றிணைப் பாட்டு ஒன்று இன்னும் நெருங்கிப் போகிறது: ஓவியர் அரக்குச் சாயத்தில் தோய்த்தெடுத்த தூரிகை போல, நுனியில் துய் உள்ள பாதிரிப் பூ. நீங்களும் ஒரு பூவை எடுத்து வாய்ப்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள், அந்த மென்மயிர் தட்டுப்படும். ரோஜாவில் இது கிடையாது.

இனி மொழிவாரியாக. தமிழிலும் மலையாளத்திலும் பாதிரி, கன்னடத்தில் பாதரி, மராத்தியில் பாடள், இந்தியில் பாடல், பாடர் என்று பல உச்சரிப்புகள், ஒடியாவில் பாட்டுளி, வங்காளத்தில் பாருல். வங்காளி வீட்டில் பெண்குழந்தைக்குப் பாருல் என்று பெயர் வைப்பது சாதாரணம், அது நம் பாதிரிதான். தெலுங்கில் மட்டும் ‘கலிகொட்டு’ என்று தொடர்பே இல்லாத பெயர் புழக்கத்தில் இருக்கிறது. பீகாரின் பாட்னா பழைய பாடலிபுத்திரம். பெரியபுராணத்தில் மருள்நீக்கியார், அதாவது பின்னாளைய அப்பர், சமணப் பள்ளியில் சேர்ந்து தருமசேனர் ஆன இடத்தின் பெயரும் பாடலிபுத்திரம். அதை மகத நாட்டு நகரம் என்று படித்துவிட்டுக் குழம்புகிறவர்கள் உண்டு. அது கெடில நதிக்கரையில் உள்ள உங்கள் ஊர்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ‘பாதிரியார்’ என்று கிறிஸ்தவக் குருமாரைச் சொல்கிறோமே, அந்தச் சொல் போர்த்துகீசிய ‘பாத்ரே’. தந்தை என்று பொருள். மரத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மலையாளத்திலும் இதே இரண்டு சொற்கள் இதே ஒலியில் கலந்து கிடக்கின்றன.

கடைசியாக ஒன்று. பாதிரி என்ற பெயருக்குள்ளேயே இரண்டு மரங்கள் இருக்கின்றன. ஸ்டீரியோஸ்பெர்மம் கெலோனாய்டிஸ் என்பது கருஞ்சிவப்புப் பூ, இளம் இலையில் மென்மயிர், காய் பட்டையில்லாமல் உருளையாக நீண்டிருக்கும். ஸ்டீரியோஸ்பெர்மம் கொலாய்ஸ் என்பது வெளிர்மஞ்சளில் செங்கோடு ஓடிய பூ, வழவழப்பான இலை, காய் மெலிந்து நீண்டு நான்கு பட்டையாக இருக்கும். பழைய தாவரவியல் புத்தகங்கள் முதல் மரத்தை ‘சுவாவியோலென்ஸ்’ என்றும், இரண்டாவதை ‘டெட்ராகோனம்’ என்றும் எழுதும். இரண்டாவதையே தவறாகக் கெலோனாய்டிஸ் என்று எழுதியவையும் உண்டு. எனவே அறிவியல் பெயரை மட்டும் நம்பாமல் காயைக் கையில் உருட்டிப் பாருங்கள். பட்டை உறுத்தினால் கொலாய்ஸ். ஆயுர்வேத நூல்கள் சிவப்புப் பூ, வெள்ளைப் பூ என்று இரண்டு பாடலாக்களைச் சொல்வதும் இந்த வேறுபாட்டை ஒட்டியதுதான்.

கேள்வி: பாதிரிக் கன்று வேண்டும் என்று கேட்டு நர்சரியில் வாங்கி நட்டேன். இடுப்பளவு வளர்வதற்குள் மஞ்சள் பூ பூத்துவிட்டது. பாதிரி இவ்வளவு சீக்கிரம் பூக்குமா? – வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: பூக்காது. உங்களுக்குக் கிடைத்தது டெகோமா. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அழகுச் செடி. பாதிரியும் டெகோமாவும் ஒரே குடும்பம், பூவின் எக்காள வடிவமும் ஒன்று, அதனால் இந்தத் தவறு நடக்கிறது. இலையின் ஓரத்தைப் பாருங்கள். ரம்பப் பல் போல வெட்டு வரிசையாக இருந்தால் டெகோமா. பாதிரிக்கு எதிரெதிராக அமைந்த கூட்டிலை. மூன்று நான்கு ஜோடிச் சிற்றிலையும் நுனியில் தனியாக ஒன்றும் இருக்கும்.

நல்ல பாதிரி வேண்டுமென்றால் விதையிலிருந்து எழுப்புங்கள். மரத்தில் காய் பச்சை மாறிப் பழுப்பாகும்போது, வெடிப்பதற்கு முன் பறிக்க வேண்டும். வெடித்துவிட்டால் இறகு வைத்த விதை காற்றோடு போய்விடும், உங்களுக்கு வெறும் தோல்தான் மிஞ்சும். பறித்த காயை முறத்தில் பரப்பி மேலே மெல்லிய துணி கட்டி இரண்டு நாள் வெயிலில் வையுங்கள். திறந்ததும் நடுவில் தக்கை போன்ற ஒரு தண்டு தெரியும். அதன் பள்ளங்களில்தான் விதை பதிந்திருக்கும். நகத்தால் நெம்பினால் வரும்.

மணல், செம்மண், மக்கிய எரு மூன்றும் சமபங்கு கலந்த தட்டில் விதையைப் படுக்கையாக வைத்து, மேலே அரை சென்டிமீட்டருக்கு மிகாமல் மணல் தூவுங்கள். ஆழப் புதைத்தால் அழுகும். பூவாளியில் மெல்லத் தெளிக்க வேண்டும். குடத்தால் ஊற்றினால் விதை மேலே மிதந்து ஒரு மூலையில் ஒதுங்கிவிடும். நான்கு இலை வந்ததும் பாலிதீன் பைக்கு மாற்றி, முழங்கால் உயரம் வந்த பிறகு ஐப்பசி மழையின் தொடக்கத்தில் ஒன்றரை அடிக் குழியில் நடுங்கள். பெரிய மரமாகும், கட்டடத்திலிருந்து 20 அடியாவது தள்ளியிருக்கட்டும். உங்கள் பக்கத்து வண்டலில் மழைக்காலத்தில் தண்ணீர் கட்டும்; கன்றைச் சுற்றிப் பாத்தி பறிக்காமல் மண்ணை மேடாக அணைத்து விடுங்கள்.

அடுத்த கோடையில் இலை எல்லாம் கொட்டிக் குச்சியாக நிற்கும். பட்டுப்போயிற்று என்று பிடுங்கி எறிகிறவர்கள் அதிகம். தண்டை நகத்தால் இலேசாகச் சுரண்டுங்கள். தோலுக்கடியில் பச்சை தெரிந்தால் மரம் உயிரோடு இருக்கிறது, அதன் வழக்கப்படி இலை உதிர்த்திருக்கிறது.

கேள்வி: இந்தியில் எழுதிய ஒரு மருந்துக் குறிப்பில் ‘நாக்கேசர்’ என்று இருந்தது. மூன்று நாட்டு மருந்துக் கடையில் கேட்டேன். ஒரு கடையில் நூல் நூலாக, ஒரு கடையில் சிவந்த மொட்டு, மற்றொன்றில் மிளகு போலக் கருப்பாக ஏதோ கொடுத்தார்கள். மூன்றுக்கும் பெயர் சிறுநாகப்பூ என்றே சொன்னார்கள். எங்கள் தெருவிலுள்ள நாகலிங்க மரத்தின் பூவையே எடுத்துக்கொள்ளலாமா? – வாசகர், வில்லியனூர்

பதில்: நாகலிங்கப் பூவைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். அதை முதலில் ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதைப் பார்ப்போம்.

நாகலிங்க மரம் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. அறிவியல் பெயர் கூருபிட்டா கயானென்சிஸ். 1775-இல் ஆபிளே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் பிரெஞ்சு கயானாவின் தாவரங்களை விவரித்தபோது அதற்குப் பெயர் கொடுத்தார். பழைய ஆயுர்வேத நூல்களை எழுதிய சரகரோ சுசுருதரோ இந்த மரத்தைப் பார்த்திருக்க வழியே இல்லை. பூவின் நடுவில் லிங்கம் போல ஒன்றும், அதற்கு மேலே படம் எடுத்த பாம்பு போல மகரந்தத் தாள்களும் இருப்பதால் நம் மக்கள் வைத்த அழகான பெயர் நாகலிங்கம். 2007-இல் புதுச்சேரியின் அரசு மலராகவும் அறிவிக்கப்பட்டது. இலங்கையில் இதே மரத்தைச் ‘சல்’ என்று சொல்லி, புத்தர் பிறந்த சால மரமாக எண்ணி விகாரைகளில் வளர்க்கிறார்கள். உண்மையான சால மரம் வட இந்தியாவின் ஷோரியா ரோபஸ்டா. ஒரு வெளிநாட்டு மரம் இந்தியாவில் நாகத்தையும் இலங்கையில் சாலத்தையும் பெயராக வாங்கிக்கொண்டது பெயர்களின் போக்கைக் காட்டும் நல்ல சான்று.

நாககேசரம் என்று வடமொழி நூல்கள் சொல்வது மெசுவா ஃபெர்ரியா மரத்தின் கேசரத்தை. கேசரம் என்றால் பூவின் நடுவில் உள்ள மகரந்தத் தாள். வங்காளத்தில் நாகேஷ்வர், அசாமில் நாஹர், கன்னடத்தில் நாகசம்பிகெ, மராத்தியில் நாகசாபா, மலையாளத்தில் நாங்கு. சிங்களத்தில் ஒரே எழுத்து: ‘நா’. அது இலங்கையின் தேசிய மரம். நம் பழந்தமிழில் நாகம். மரம் இரும்பு போல் கனம், தண்ணீரில் மூழ்கும். இளந்துளிர் செக்கச்செவேல் என்று வரும். நான்கு வெள்ளை இதழ், நடுவில் பொன்னிறக் கேசரக் கற்றை.

குழப்பத்துக்குக் காரணம் இந்த மரத்தின் உறவினர்கள். நம் கடற்கரைப் புன்னைக்கும் வெள்ளை இதழும் பொன்னிறக் கேசரமும் உண்டு. கொங்கணப் பக்கத்தில் சுரங்கி, கன்னடத்தில் சுரகி என்று கூந்தலில் சூடும் மம்மியா சுரிகாவுக்கும் அப்படித்தான். மூன்றும் இன்றைய வகைப்பாட்டில் ஒரே குடும்பம். வடமொழியில் முதலாவது நாகம், இரண்டாவது புன்னாகம், மூன்றாவது சுரபுன்னாகம். அகராதியில் புன்னாகத்துக்குப் புன்னை என்று நேராக எழுதிவிடுகிறார்கள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் பூக்களை அடுக்கும்போது ‘நறும் புன்னாகம்’, ‘கடியிரும் புன்னை’, ‘நாகம்’ மூன்றையும் தனித்தனியாக நிறுத்துகிறார். மலைக்காட்டைத் தெரிந்த ஒருவர் வேறு வேறாகக் கண்டதை நாம் அகராதிக்காக ஒன்றாக்க வேண்டியதில்லை.

அண்டை மொழிக்குப் போனால் இன்னும் வழுக்கும். தெலுங்கில் பொன்ன, மலையாளத்தில் புன்ன, இதுவரை சரி. கன்னடத்தில் சுரஹொன்னெ என்றால் நம் புன்னை, வெறும் ஹொன்னெ என்றால் வேங்கை. வேங்கைப் பட்டையும் புன்னைப் பட்டையும் எந்த வகையிலும் ஒன்றுக்கொன்று மாற்றாகாது. தமிழிலேயே பாருங்கள்: சுரபுன்னை என்ற பெயரை மூலிகை நூல் மம்மியாவுக்குக் கொடுக்கிறது. சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரத்தில் படகோட்டியைக் கேட்டால், சேற்றில் காலூன்றி நிற்கும் அலையாத்தி மரத்தைக் காட்டி அதுதான் சுரபுன்னை என்பார். செய்தித்தாளும் ‘சுரபுன்னைக் காடு’ என்றே எழுதும். இரண்டு வழக்கும் உண்மையான வழக்குதான், ஆனால் மரம் இரண்டு.

இனி உங்கள் மூன்று பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை எடுத்து மூன்று கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் ஊற வையுங்கள். நூல் நூலாக இருந்தது பிரிந்து, மெல்லிய காம்பும் நுனியில் நீண்ட மகரந்தப் பையுமாகத் தெரிந்தால் அது கேசரம். நீங்கள் தேடுவது அதுவே. சிவந்த மொட்டு சுரபுன்னை மொட்டாக இருக்க வேண்டும். ஊறியதும் பிளேடால் நெடுக்காக வெட்டினால் உள்ளே கேசரம் சுருண்டு அடைந்திருக்கும். மராட்டியப் பக்கத்தில் இதைத் ‘தாம்படா நாககேசர்’, அதாவது சிவப்பு நாககேசரம் என்று விற்கிறார்கள். கருப்பு மிளகு போன்றது மொட்டே இல்லை, பிஞ்சுக் காய். கிண்ணம் போன்ற அடிப்பகுதியில் உட்கார்ந்திருக்கும், நசுக்கினால் லவங்கப்பட்டை வாசம் வரும். கருவா இனத்து மரங்களின் பிஞ்சு அது.

பிஞ்சைப் போட்டதும் மருந்து விஷமாகிவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. நூல் கேட்ட பொருள் அது இல்லை என்பதுதான் விஷயம். சித்த மருத்துவர் ஒருவர் கைப்பட எழுதிய குறிப்பில் சிறுநாகப்பூ என்று இருந்தால், அவர் எந்தச் சரக்கை மனத்தில் வைத்து எழுதினார் என்று அவரையே கேட்டுவிடுங்கள். இந்திக் குறிப்பாக இருந்தால் கேசரம்.

கேள்வி: ஹோமத்துக்குப் பலாசச் சமித்து கேட்டதற்குப் பூவரசங்குச்சி கொடுத்துவிட்டார்கள். இரண்டும் ஒன்றா? – வாசகர், பாகூர்

பதில்: இல்லை. பலாசம் தமிழில் புரசு. புரசு, பூவரசு என்று காதில் விழுந்த குழப்பம் இது. பூவரசுக்கு ஒற்றை இலை, இதய வடிவம், மஞ்சள் பூ. புரசுக்கு ஒரு காம்பில் மூன்று இலை, கோடையில் கிளிமூக்கு போல நெருப்பு நிறப் பூ. வடமொழியில் பலாசம் என்றாலே ‘இலை’ என்றும் ஒரு பொருள் உண்டு, ஆகையால் செய்யுளில் எந்தப் பொருள் என்று கவனித்துப் படிக்க வேண்டும். இந்தியில் பலாஷ், டாக், டேசு மூன்றும் இதுவே. எவ்வளவு முயன்றும் பழைய நிலையே என்பதற்கு ‘டாக்கின் மூன்றே இலை’ என்பது அவர்கள் பழமொழி. தெலுங்கில் மோதுக, கன்னடத்தில் முத்துக, மலையாளத்தில் பிலாசு அல்லது சமத.

கேள்வி: அசோகப் பட்டை வாங்கினால் அது நெட்டிலிங்கப் பட்டை என்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது? – வாசகி, லாஸ்பேட்டை

பதில்: காய்ந்த பட்டையை வெறும் கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல வீட்டில் முடியாது. கலப்படம் நடப்பதே அதனால்தான். மரத்தைப் பார்த்தால் ஒரு நொடியில் சொல்லலாம்.

பள்ளிக்கூடச் சுவரோரம் ஊசி போல நெட்டையாக நிற்பதை ஊரே அசோக மரம் என்று கூப்பிடுகிறது. அது நெட்டிலிங்கம். ஒற்றை இலை, ஓரம் அலை அலையாக. பூ வெளிர்பச்சை நட்சத்திரம். காய் கொத்தாக, பழுத்தால் கருநாவல் நிறம். வடமொழி நூல்கள் பாடும் அசோகம் சராக்கா. அது கூட்டிலை, துளிர் செம்பு நிறத்தில் துவண்டு தொங்கும். ஆரஞ்சு நிறப் பூக்கொத்தில் நாம் இதழ் என்று நினைப்பது இதழே அல்ல, நிறம் ஏறிய புல்லிவட்டம். காய் தட்டையான அவரை போல. பழந்தமிழில் இதற்குப் பிண்டி, செயலை என்று சொந்தப் பெயர்கள் இருந்தன. அவை வழக்கொழிந்து அசோகம் என்ற சொல் மட்டும் தங்கியதும், நெட்டிலிங்கம் அந்த நாற்காலியில் ஏறிக்கொண்டது. அந்தப் பழம்பெயர்களை மீண்டும் புழங்கினால் இந்தத் தொல்லையில் பாதி தீரும் என்பது எங்கள் எண்ணம்.

வீட்டில் சராக்கா வைப்பதானால் நிழல் வேண்டும், ஈரம் வேண்டும். கடல் உப்புக்காற்று நேராக அடிக்கும் மாடி வீட்டு முகப்பில் வைத்தால் இலையோரம் கருகிக்கொண்டே இருக்கும். கொல்லைப்புறத்தில், மாமரத்துக்குக் கிழக்கே வையுங்கள்.

கேள்வி: பிரம்மி என்பது வல்லாரையா, நீர்ப்பிரமியா? – வாசகர், பண்ருட்டி

பதில்: குறிப்பு எந்த ஊரில் எழுதப்பட்டது என்பதைப் பொறுத்தது. கேரளத்திலும் வங்காளத்திலும் பிரம்மி என்றால் நீர்ப்பிரமி. வங்காளிக்கு வல்லாரை ‘தான்குனி’. வட இந்தியாவில், குறிப்பாக ஹரித்துவார்ப் பக்கம், வல்லாரையையே பிரம்மி என்று விற்பார்கள். வடமொழியில் வல்லாரைக்கு மண்டூகபர்ணி என்று தனிப்பெயர் இருக்கிறது. குறிப்பில் இரண்டும் அடுத்தடுத்து வந்தால் பிரம்மி நீர்ப்பிரமிதான் என்று எடுத்துக்கொள்ளலாம். நீர்ப்பிரமி இலை சிறியது, சதைப்பற்றானது, கரண்டி வடிவம், எதிரெதிராக ஒட்டியிருக்கும். வல்லாரை நீண்ட காம்பில் வட்டமாக, ஓரத்தில் வெட்டுகளோடு நிற்கும். வாய்க்காலோரம் பறித்தால் எதுவானாலும் நன்றாக அலசுங்கள், சாக்கடை கலக்கும் இடத்தில் பறிக்கவே வேண்டாம்.

கேள்வி: தில்லை மரத்தின் அறிவியல் பெயரில் ‘அகலோச்சா’ என்று இருக்கிறது. அகில் என்பது இதுதானா? கட்டையை எரித்தால் மணக்குமா? – வாசகர், சிதம்பரம்

பதில்: எரிக்காதீர்கள். தில்லைக் கட்டையின் புகை கண்ணை எரிக்கும். இந்த மரத்தின் பால் அதைவிட மோசம். எக்ஸிகேரியா என்ற பேரினப் பெயருக்கே ‘கண்ணைக் குருடாக்குவது’ என்று பொருள். கிளை ஒடிக்கும்போது பால் கண்ணில் தெறித்தால், கண்ணைக் கசக்காமல் ஓடும் நல்ல தண்ணீரில் இமையை விரித்துப் பிடித்துக் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு, உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

பெயரில் நடந்தது இது. வடமொழியில் அகரு, தமிழிலும் மலையாளத்திலும் அகில், இந்தியில் அகர். ஊதுபத்திக்கு அகர்பத்தி என்று பெயர் வந்தது இதிலிருந்து. கிரேக்கத்துக்குப் போய் அகல்லோகான் ஆயிற்று. மணக்கட்டை தரும் மரம் எது என்று ஐரோப்பியருக்குத் தெளிவாகத் தெரியாத காலத்தில், 1759-இல் லின்னேயஸ் நம் தில்லைக்கு அகலோச்சா என்ற பெயரை இட்டார். அகில் தரும் உண்மையான மரம் அக்விலேரியா, அசாம், திரிபுராப் பக்கத்தது. அந்தப் பெயருக்கும் ஒரு கதை: அகில் போர்த்துகீசியர் வாயில் ஆகிலா ஆகி, கழுகைக் குறிக்கும் லத்தீன் அக்விலாவோடு கலந்துவிட்டது. கழுகுக்கும் அகிலுக்கும் சம்பந்தமே கிடையாது. அக்விலேரியாவிலும் நல்ல நிலையில் உள்ள கட்டை வெளிறி, மணமில்லாமல்தான் இருக்கும். காயம்பட்டுப் பூஞ்சை ஏறிய இடத்தில் பிசின் ஊறிக் கறுத்த பகுதிதான் அகில்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் மரத்துக்கு ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். யாரிடம் எதைக் கொண்டுபோய்க் காட்டுவது? – வாசகர், குறிஞ்சிப்பாடி

பதில்: ஒற்றை இலையைக் கொண்டுபோனால் யாராலும் சொல்ல முடியாது. பூவோ காயோ உள்ள ஒரு அடி நீளக் கிளை வேண்டும். கூட்டிலை மரமானால் இலைக் காம்பின் அடிவரை முழுசாக இருக்கட்டும். சிற்றிலையை மட்டும் கிள்ளி வந்து அதைத்தான் இலை என்று காட்டுவது வழக்கமான தவறு. பால் வடியும் மரமானால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கிளையை மடித்த செய்தித்தாளுக்குள் விரித்து வையுங்கள். ஒன்றிரண்டு இலையைத் திருப்பி அடிப்பக்கம் தெரியும்படி வைக்க வேண்டும். மேலும் கீழும் நாலைந்து தாள் வைத்து, இரண்டு பலகைக்கு நடுவில் அழுத்தி, பத்துக் கிலோ அளவுக்குப் பாரம் ஏற்றுங்கள். முதல் நான்கு நாள் தினமும் தாளை மாற்ற வேண்டும், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். கார்த்திகை மழையில் நம் பக்கத்தில் காற்றே ஈரமாக இருக்கும். தாள் மாற்றாமல் விட்டால் இரண்டாம் நாளே பூசணம் பிடிக்கும், இலை காம்பை விட்டுக் கழன்றுவிடும். அப்படிப்பட்ட நாளில் மாற்றும் தாளை இஸ்திரிப் பெட்டியால் சூடாக்கி வையுங்கள். நாகலிங்கம் போன்ற சதைப்பற்றான பூவை நெடுக்கில் பாதியாக வெட்டித்தான் அழுத்த வேண்டும்.

செல்போனில் நான்கு படம் எடுங்கள்: முழு மரம், அடிமரப் பட்டை, இலையின் இரு பக்கம், வெட்டிய பூ. காய்ந்தால் நிறமும் மணமும் போய்விடும் என்பதால், பூவின் நிறம், மணம், மர உயரம், எடுத்த தேதி, இடம், ஊர்க்காரர்கள் சொல்லும் எல்லாப் பெயர்கள் ஆகியவற்றை அன்றைக்கே ஒரு சீட்டில் எழுதிவிட வேண்டும். பெயர்களில் எது சரி என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிச் சிலவற்றை விட்டுவிடாதீர்கள். உங்களுக்குப் பக்கம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறை. புதுச்சேரிக்கு வருவதானால் செயின்ட் லூயி வீதியிலுள்ள பிரெஞ்சு நிறுவனத்தில் உலர்தாவரத் தொகுப்பு இருக்கிறது. எங்கே போவதானாலும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை இலையின் ஈரத்தில் ஊறிப் பரவிவிடும்.